கூடை ஒன்று, நிறம் இரண்டு

சென்ற திங்கள் இப்பகுதியில் குடும்ப அட்டையில் முகவரி மாற்றும் முறையைக் குறித்து எழுதியிருந்தோம். இந்தத் திங்கள் பள்ளிச் சேர்க்கை பற்றி எழுதுவதாக வாக்களித்திருந்ததும் நினைவில் இருக்கிறது. அதனை நேயர்கள் அடுத்த திங்களுக்கு ஒத்திவைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில், இடையில் பெங்களூரிலிருந்து ஒரு பெட்டி தாராவிக்குத் திரும்பி வந்து சேர்ந்தது.

பெட்டிக்குள் இருந்தவை ஆறு வயர்க் கூடைகள். பின்னியவர் நம் தமையனாரின் மனைவியார். தாராவியில் பத்துக்குப் பன்னிரண்டடிக் கோலி ஒன்றில் குடியிருக்கிறார்கள். தமையனார் தோல் பைப் பட்டறையில் தையல் எந்திரத்தில் அமர்பவர். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. பட்டறை ஓடினால் உண்டு, ஓடாவிட்டால் இல்லை. மதினியார் சிவன் கண் முடிச்சு, நெல்லிக்காய் முடிச்சு, பிஸ்கட் முடிச்சு என எல்லாம் அறிந்தவர். திருநெல்வேலிப் பக்கம் தம் தாயாரிடம் கற்ற கைவேலை அது. அக்கம்பக்கத்தாருக்குப் பின்னிக் கொடுத்துக்கொண்டிருந்தவரை, இணையத்தில் கடை வைக்கலாம் என்று தூண்டியவர்கள் நாமே. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு உணவுக்குப் பின், பூப்போட்ட படுக்கை விரிப்பின்மேல் கூடையை வைத்து, தலைக்கு மேலிருந்த மஞ்சள் விளக்கின் ஒளியில் கைப்பேசியால் படமெடுத்துக் கொடுத்தவர்களும் நாமே.

கூடையின் நிறம் ராணி. மும்பையில் புடைவைக் கடைக்காரர் எவரும் அறிந்த நிறம் அது. நாம் எடுத்த படத்திலோ அது குங்குமச் சிவப்பாகத் தெரிந்தது. பெங்களூர் அம்மையார் ஒருவர், மகள் திருமணத்தில் தாம்பூலம் வைத்துக் கொடுப்பதற்கென்று, சிவப்புக் கூடை ஆறு கேட்டு எழுதினார். கூடை ஒன்று 480 ரூபாய். ஆறும் போய்ச் சேர்ந்தன. பிரித்துப் பார்த்தவர், 'நான் கேட்டது சிவப்பு, வந்தது ரோஜா நிறம்' என்று படத்தையும் கூடையையும் அருகருகே வைத்து எடுத்தனுப்பினார். அவர் பேரில் குற்றமே இல்லை. பணம் 2,880 ரூபாயும் திருப்பித் தரப்பட்டது. போக 310, வர 330, ஆக 640 ரூபாய்க் கூரியர் கட்டணம் மதினியார் தலையில் விழுந்தது. வீட்டு வேலைகளுக்கிடையே கூடைக்கு இரண்டு நாள் வீதம் பன்னிரண்டு நாள் உழைப்பும் பெட்டிக்குள் மடங்கிக் கிடந்தது. அந்தப் பணம் மூத்த பெண்ணின் கட்டணத்துக்காக ஒதுக்கப்பட்டிருந்தது என்பது நமக்குப் பிறகுதான் தெரிந்தது.

'விடுங்க தம்பி, எனக்கு இந்த வம்பே வேண்டாம். தெரிஞ்சவங்க வீட்டுக்கு வந்து பாத்து வாங்கட்டும், அது போதும்' என்றார். நம்மைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. கடிந்திருந்தால் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

வந்து பார்த்து வாங்கட்டும் என்பது நியாயமான சொல்தான். தாராவி வளர்ந்ததே அவ்வாறுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடுவோர் இங்கு வந்து குடியேறிய நாள் தொட்டு, சௌராஷ்டிரத்துக் குயவர்கள் கும்பார்வாடாவில் சூளை வைத்த நாள் தொட்டு, சரக்கைத் தேடி ஆட்கள் சந்துக்குள் வந்தார்கள். இன்றும் தோல் பைக் கடைகளுக்கு வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். ஆயினும் 2014-ஆம் ஆண்டிலேயே மேகா குப்தா என்பவர் தாராவிச் சரக்குகளை விற்பதற்கென்றே 'தாராவி மார்க்கெட்' என்னும் இணையக் கடையைத் தொடங்கிவிட்டார். சந்தைக்கு ஆள் வந்த காலம் போய், ஆள் இருக்குமிடத்துக்குச் சந்தை போகும் காலம் வந்துவிட்டது. அஃதன்றி, 2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தை அதானி குழுமம் வென்றது. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியது. யார் எந்தக் கட்டடத்துக்குப் போவார்கள், எவர் தொழில் எந்த மாடியில் நடக்கும் என்று இரவெல்லாம் பேசிக்கொண்டிருக்கும் குடும்பங்களை நேயர்கள் அறிவார்கள். சந்தின் அடையாளம் சொல்லி வாடிக்கைக்காரரை வரவழைப்பவருக்குச் சந்தே மாறிப்போனால் என்ன செய்வது? நாம் மதினியாரிடம் இதனைச் சொன்னோம். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் கூடைகளைப் பரண்மேல் ஏற்றாமல் கீழேயே வைத்திருந்தார்.

நிற்க. நாம் பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வேயில் பார்சல் எழுதும் எழுத்தர். ரயில்வே ரசீதில் ஒரு வழக்கம் உண்டு. மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்பதை நாங்கள் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆகவே 'இன்னது இருப்பதாகச் சொல்லப்படுகிறது' என்று பொருள்படும் சொற்களைச் சேர்த்து எழுதிக் கொடுப்போம். உள்ளே வேறொன்று இருந்தால் பொறுப்பு எங்களுடையதன்று. இணையக் கடையில் வைக்கும் படத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. படம், 'இதுதான்' என்று அடித்துச் சொல்கிறது. 2020-ஆம் ஆண்டு மின்வணிகத்துக்கென வந்த நுகர்வோர் பாதுகாப்பு விதிகளும் இதனையே சொல்கின்றன. விற்பவர் தரும் விளம்பரம் உண்மைச் சரக்கோடு பொருந்தியிருக்க வேண்டும். பொருந்தாவிட்டால் சரக்கைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பவோ மறுக்கக் கூடாது. ஆகவே படம் எடுப்பது அலங்கார வேலையன்று. கையெழுத்திட்டுக் கொடுப்பதற்கு ஒப்பானது. நாம் படுக்கை விரிப்பின்மேல் போட்ட கையெழுத்துப் பொய்க் கையெழுத்தாகிவிட்டது.

அதன்பின் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இதே வேலையாக இருந்தோம். கற்றதைச் சொல்லுகிறோம். நம்மைக் காட்டிலும் நன்கறிந்த புகைப்படக்காரர்கள் மாதுங்காவிலும் செம்பூரிலும் உண்டு, அவர்கள் பொறுத்தருள்க.

முதலில் ஒளி. கெட்டதெல்லாம் இங்கேதான். வீட்டு மஞ்சள் விளக்கின் ஒளி நிறக் கணக்கில் 2700 முதல் 3000 கெல்வின் வரை. வெள்ளை விளக்கென்று நாம் வாங்குவது பெரும்பாலும் 6500. பகல் வெயில் ஏறக்குறைய 5500. கண் இவற்றையெல்லாம் தானே சரிசெய்துகொள்கிறது. அதனால்தான் இரவிலும் நமக்கு வேட்டி வெள்ளையாகவே தெரிகிறது. கைப்பேசியும் சரிசெய்ய முயலும். ஆனால் சன்னலில் பகலொளியும் கூரையில் மஞ்சள் விளக்கும் ஒருங்கே இருந்தால், எதனை நம்புவது என்று அறியாமல் அது தடுமாறும். கூடையின் ஒரு பக்கம் நீலம் பாய்ந்தும் மறுபக்கம் மஞ்சள் பாய்ந்தும் படம் வரும். ஆகவே படமெடுக்கும்போது விளக்குகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுக. கைப்பேசியின் மின்னொளியையும் அணைத்துவிடுக. வயரும் தோலும் பளபளப்புள்ளவை. எதிரே பாய்ச்சிய ஒளி அவற்றின்மேல் வெள்ளைப் புள்ளிகளாகத் தெறித்து நிற்கும்.

'சன்னலே இல்லாத கோலியில் பகலொளிக்கு எங்கே போவது?' என்று கேட்பீர்கள். மதினியாரும் அதைத்தான் கேட்டார். சந்து நான்கடி அகலம். மேலே இரு புறத்து மாடிகளும் நெருங்கி நிற்கின்றன. நாம் காலை ஏழு மணி முதல் பத்து மணி வரை படியேறி இறங்கிப் பார்த்ததில், மாடிப் படிக்கட்டின் திருப்பத்தில் எட்டரை மணிக்கு நல்ல ஒளி வருவதைக் கண்டோம். வெயில் நேரே விழுவதில்லை. எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. அதுவே வேண்டியது. ஒவ்வொரு வீட்டுக்கும் இப்படி ஓரிடமும் ஒரு நேரமும் இருக்கும், தேடினால்தான் அகப்படும். ஒன்று கவனிக்க வேண்டும்: எதிர்ச் சுவர் பச்சை வண்ணம் பூசியதாக இருந்தால் திரும்பி வரும் ஒளியும் பச்சையாகவே வரும்.

சன்னல் உள்ளவர்களுக்கு வடக்குச் சன்னல் உத்தமம். ஆண்டில் பெரும்பகுதி சூரியன் நமக்குத் தெற்கே சாய்ந்தே செல்வதால் வடக்கில் நேர்வெயில் புகாது. மும்பையில் மட்டும் மே நடுவிலிருந்து ஜூலைக் கடைசி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. அந்நாள்களில் பெரும்பாலும் மழை மூட்டம் இருப்பதால் தொல்லையில்லை. மழைக்கால மேகத்தைப் போன்ற நல்ல ஒளித்திரை வேறில்லை. வானம் முழுவதுமே ஒரு விளக்காகி, நிழலின் ஓரங்கள் மென்மையாகின்றன. மழையென்று அலுத்துக்கொண்டு உட்காருவோர் அந்த நாளில் படமெடுத்து வைத்துக்கொள்ளலாம். நேர்வெயில் விழும் சன்னலுக்கோ, தோய்த்துத் தோய்த்து மெலிந்த நான்கு முழ வேட்டி ஒன்றை ஒற்றையாகத் தொங்கவிட்டால் போதும். கரை மட்டும் சன்னலுக்கு வெளியே இருக்கட்டும்.

பொருளைச் சன்னலுக்குப் பக்கவாட்டில் இரண்டு மூன்றடி தள்ளி வைப்பது நலம். ஒளி பக்கத்திலிருந்து வந்தால்தான் முடிச்சின் மேடுபள்ளம் தெரியும். தோலுக்கும் பனையோலைக்கும் பாய்க்கும் இது மிகவும் பொருந்தும். நிழல் விழும் மறுபக்கத்தில் வெள்ளைத் தெர்மாகோல் பலகை ஒன்றை நிறுத்தினால், அது ஒளியைத் திருப்பியனுப்பி இருட்டைக் குறைக்கும். பின்புலத்துக்கு முழு அளவு வெள்ளைச் சார்ட் தாள். அதனைச் சுவரில் ஒட்டி, மடிப்பு விழாமல் வளைத்து முன்னே விரிக்க வேண்டும். அப்போது சுவர் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்ற கோடு தெரியாது. தெர்மாகோலுக்கும் தாளுக்குமாக நமக்கு நூறு ரூபாய்க்குள் முடிந்தது.

வெள்ளைத் தாளின்மேல் வைத்தெடுத்த முதற்படம் அழுக்கேறிய சாம்பலாக வந்தது. தாளைக் குறை சொன்னோம். குறை தாளில் இல்லை. படக்கருவியின் ஒளியளவுக் கணக்கு, எதிரில் இருப்பதெல்லாம் கூட்டிக் கழித்தால் நடுத்தரச் சாம்பலாகவே இருக்கும் என்று எண்ணிக்கொள்வது. வெள்ளை மிகுந்திருந்தால், 'ஒளி கூடிவிட்டது' என்று குறைத்துவிடும். கறுப்புத் தோல் பை சட்டம் முழுவதையும் நிறைத்திருந்தால், 'இருட்டாக இருக்கிறது' என்று கூட்டிவிடும், கறுப்பு வெளிறிப்போகும். ஆகவே பொருளின்மேல் விரலைச் சற்றுநேரம் அழுத்தி வைத்து, அருகில் தோன்றும் சூரியன் போன்ற குறியை, வெள்ளைக்குச் சற்று மேலேயும் கறுப்புக்குச் சற்றுக் கீழேயும் தள்ள வேண்டும். வெள்ளை மிகுந்தால் கூட்டு, கறுப்பு மிகுந்தால் குறை என்பது கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றும். தமையனார் இதனை ஒப்பவே இல்லை. பட்டறையிலிருந்து கறுப்புப் பணப்பை ஒன்றைக் கொண்டுவந்து, இரண்டு விதமாகவும் எடுத்துப் பார்த்த பிறகே தலையசைத்தார்.

இனி ராணி நிறத்துக்கு வருவோம். அடர்ந்த சிவப்பும் ராணியும் படக்கருவிக்குப் பகையான நிறங்கள். சிவப்பைப் பதிவு செய்யும் பகுதி தன் எல்லையை எட்டி நிரம்பிவிடுகிறது. அதற்குமேல் மேடும் பள்ளமும் ஒரே வண்ணத் திட்டாகிவிடும், முடிச்சே தெரியாது. எனவே இந்நிறங்களுக்கு ஒளியைச் சிறிது குறைத்தே எடுக்க வேண்டும். எடுத்தபின் கைப்பேசித் திரையைக் கூடைக்கு அருகில் பகலொளியில் பிடித்து ஒப்பிட வேண்டும். நமக்கு நான்காம் முறையில்தான் ஏறக்குறையப் பொருந்தியது. முழுவதும் பொருந்தவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லுகிறோம். வாங்குபவரின் திரை வேறு நிறம் காட்டக்கூடும் என்பதும் உண்டு. அதனால் இப்போது படத்தின் கீழே, 'ராணி நிறம், சிவப்பு அன்று, ராணி வண்ணப் பட்டுப் புடைவையின் நிறம்' என்று எழுதியும் வைக்கிறோம். படம் தோற்குமிடத்தில் சொல்லைக் கொண்டு முட்டுக் கொடுப்பதில் இழிவில்லை.

கைப்பேசிகளில் நிறத்தைக் கூட்டிக் காட்டும் வடிகட்டிகள் பல உண்டு. முகத்துக்குப் பூசிக்கொள்வோர் பூசிக்கொள்ளட்டும். விற்கும் சரக்குக்கு அவை ஆகா. பொருளைச் சுற்றி ரோஜா இதழ் தூவுவது, மஞ்சள் விளக்குச் சரம் தொங்கவிடுவது ஆகியவையும் நமக்கு உவப்பில்லை. கல்யாண ஆல்பத்தில் மணமகளைத் தேடுவதுபோல் கூடையைத் தேட வேண்டியிருக்கிறது.

மற்றவை சில்லறைச் செய்திகள். கைப்பேசியின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு எடுக்கவும். அடுக்களையில் புழங்கும் கைப்பேசியில் தேங்காயெண்ணெய் விரல் பதியாத நாளில்லை. படம் மூட்டமாக வருவதற்குப் பாதிக் காரணம் அதுவே. பொருளின் முகத்தருகே கைப்பேசியைக் கொண்டுபோகாமல், நான்கைந்தடி பின்வாங்கி, இரண்டு மடங்கு உருப்பெருக்கத்தில் எடுக்கவும். அருகில் போனால் கூடையின் வாய் யானையின் வாய் போலவும் அடி குறுகியும் தெரியும். கை நடுங்குவோர் கைப்பேசியை உழக்கின்மேலோ அடுக்கிய புத்தகத்தின்மேலோ சாய்த்து, மூன்று நொடி தவணை வைத்து எடுக்கலாம். துவண்ட கூடைக்குள் கசக்கிய செய்தித்தாளைத் திணித்தால் நிமிர்ந்து நிற்கும். படத்தில் தாள் தெரியக் கூடாது. முதற்படத்தில் ஒரு நடிகரின் பாதி முகம் எட்டிப் பார்த்துவிட்டது!

குத்துவிளக்கு விற்கும் செம்பூர் அன்பர் ஒருவர் வேறொரு சங்கடத்தைச் சொன்னார். பளபளக்கும் பித்தளையில் எதிரில் இருப்பதெல்லாம் தெரியும். அவர் அனுப்பிய விளக்குப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, தண்டின் குமிழ் ஒவ்வொன்றிலும் பனியன் அணிந்த அன்பர் கைப்பேசியுடன் நின்றுகொண்டிருந்தார். ஐந்து குமிழுக்கு ஐந்து அன்பர்கள். விளக்கின் மூன்று புறமும் வெள்ளைத் தாளால் அடைத்து, முன்புறத் தாளில் கைப்பேசிக் கண்ணுக்கு மட்டும் துளையிட்டு எடுக்கச் சொன்னோம். இப்போது வெள்ளைதான் தெரிகிறது.

எத்தனை படம் வேண்டும்? கையில் எடுத்துப் பார்ப்பவர் என்னென்ன செய்வாரோ அத்தனை. கடையில் மதினியாரின் கூடையை வாங்க வருபவர் முதலில் தூக்கிப் பார்ப்பார், கைப்பிடியை இழுப்பார், கவிழ்த்து அடியைப் பார்ப்பார், உள்ளே கைவிட்டு வயர் முனை குத்துகிறதா என்று தடவுவார். இந்த நான்கையும் படம் செய்ய வேண்டும். அளவுக்கு, ஒரு கை பிடித்திருக்கும் படமொன்றும், மாதுங்கா மார்க்கெட்டில் வாங்கிய முருங்கைக்காயும் தேங்காயும் வைத்த படமொன்றும் எடுத்தோம். அகலம், உயரம் சென்டிமீட்டரில் எழுதினோம். 'நடுத்தர அளவு' என்ற சொல்லுக்குப் பொருளே இல்லை. அமேசானில் விற்போருக்கு முதற்படம் தூய வெள்ளைப் பின்புலத்தில், பொருள் சட்டத்தில் 85 விழுக்காடு நிறைந்திருக்க வேண்டும் என்று விதி. பெரிதாக்கிப் பார்ப்பதற்கு நீண்ட பக்கம் 1000 புள்ளிகளுக்குக் குறையக் கூடாது. எட்ஸியில் குறுகிய பக்கமே 2000 இருக்கட்டும் என்கிறார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பெற்ற படத்தை ஏற்றுவோர் கவனிக்க: அது வழியிலேயே சுருங்கிவிடும். எடுத்த கைப்பேசியிலிருந்தே ஏற்றுவது நல்லது.

கைவேலையில் ஒன்றுபோல் ஒன்று இராது. ஒரு கூடையில் முடிச்சு சற்று நெருங்கும், மறு கூடையில் நெகிழும். அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் மிகச் சிறந்த ஒன்றைப் படமெடுத்துவிட்டு மற்றதை அனுப்புவது முறையன்று. மதினியார் இதில் நம்மைவிடக் கண்டிப்பானவர். 'இந்தக் காது கொஞ்சம் கோணல், இதையே படம் எடுங்க தம்பி. வாங்குறவங்க தெரிஞ்சு வாங்கட்டும்' என்றார். அப்படியே எடுத்தோம்.

இப்போது படமெடுப்பவர்கள் நாம் அல்லோம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் இளைய பெண் அப்பொறுப்பை ஏற்றுக்கொண்டாள். பள்ளி செல்லுமுன் எட்டரை மணி ஒளியில் படிக்கட்டுத் திருப்பத்தில் தாளை விரித்துவிடுகிறாள். ஏறி இறங்குவோர் முணுமுணுத்தாலும் கால் மணி நேரம் பொறுத்துக்கொள்கிறார்கள். 'சித்தப்பா, நீங்க நிழல்ல நிக்கிறீங்க, கொஞ்சம் தள்ளுங்க' என்று நம்மையே விலக்குகிறாள்.

திரும்பி வந்த ஆறு கூடைகளில் மூன்று, புதிய படங்களின் பேரில் வெவ்வேறு ஊர்களுக்குப் போயின. எதுவும் திரும்பவில்லை. இரண்டினைச் செம்பூர் உறவினர் நவராத்திரிக்கு வாங்கிக்கொண்டார்கள். மூத்த பெண்ணின் கட்டணத்தைக் கட்ட நாம் அலுவலகக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கினோம். அதில் இன்னும் நான்கு தவணை பாக்கி. ஆறாவது கூடையை மதினியார் நமக்கே கொடுத்துவிட்டார். அதில்தான் நாம் நாள்தோறும் அலுவலகத்துக்குச் சோறு கொண்டு போகிறோம். மின்வண்டியில் எதிரே அமர்ந்த ஒருவர் சென்ற வாரம், 'இந்தச் சிவப்புக் கூடை எங்கே வாங்கினீர்கள்?' என்று கேட்டார்.